கடுகின் காரம் எங்கே போச்சு?

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று தமிழ்ப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். சரி, அந்தக் காரத்தை உங்களில் எத்தனை பேர் ருசித்திருக்கிறீர்கள்? சாம்பாரில் கடுகு மிதக்கிறது. தேங்காய்ச் சட்னியில் கிடக்கிறது. தயிர்சாதத்தில் எட்டிப் பார்க்கிறது. பல் முளைத்த நாளிலிருந்து தினமும் தின்கிறோம். பல்லில் அகப்பட்டால் லேசான கசப்பு, கொஞ்சம் வறுத்த வாசனை, அவ்வளவுதான். ஒரு நாளாவது சுரீரென்று இழுத்திருக்கிறதா? அப்படியானால் பழமொழி பொய்யா?

பொய்யில்லை. ஆனால் அந்தக் காரத்தைப் பிடிக்க நாம் ஒரு டிசம்பர் மாதத்து ராத்திரியில் திருப்பூருக்குப் போக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் திருப்பூர்ச் சர்ச் பிள்ளைகள் கேரல் கிளம்புவார்கள். கிட்டார், டிரம், பஞ்சுத் தாடி நழுவிக்கொண்டே இருக்கும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளுக்கும் போவார்கள். அங்கே ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் என்று பல ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். பவர்டேபிளிலும் ஓவர்லாக்கிலும் தைக்கிறவர்கள், செக்கிங் பார்க்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது ராத்திரி ஆகிவிடும். அப்புறம்தான் அடுப்பு.

ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. 1845-இல் ஜெர்மன் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அங்கே பழங்குடி மக்களிடையே சபைகள் வளர்ந்தன. அதனால் வாசலில் நம் பிள்ளைகள் தமிழில் பாட ஆரம்பித்தால், உள்ளேயிருந்து அதே மெட்டை வேறு மொழியில் முணுமுணுத்துக்கொண்டு யாராவது எழுந்து வரக்கூடும்.

அப்படி ஒரு கேரல் கூட்டத்தோடு நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். பாட்டு முடிந்ததும் வீட்டுக்கார அண்ணன் ஒரு தட்டை நீட்டினார். பழுப்பு நிறத்தில் வட்ட வட்டமாக ஏதோ பலகாரம். எடுத்துக் கடித்த வாண்டு ஒன்று கத்தியது: “அண்ணா, இது நம்ம அதிரசமுங்க!” அதேதான். ஊறவைத்த அரிசியை மாவாக்கி, வெல்லத்தில் பிசைந்து, எண்ணெயில் பொரித்தது. ஜார்க்கண்டில் அர்சா என்பார்கள். தட்டு காலியாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது தட்டில் சோக்கா வந்தது. தணலில் சுட்ட கத்தரிக்காய், தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வெங்காயம், பச்சைமிளகாயோடு சேர்த்து மசித்து, மேலே பச்சையாகக் கடுகெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அதைத் தொட்டுச் சாப்பிட லிட்டி. அது கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கடலைமாவை அடைத்துத் தணலில் சுட்டது. “சாப்பிடு தம்பி, நல்லா இருக்கும்” என்றார் அந்த அண்ணன், திருப்பூரில் கற்ற தமிழில். கிறிஸ்துமஸ் தாத்தாதான் முதலில் ஒரு வாய் போட்டார். தாடிக்குள் இருந்தது ஒரு ஏழாம் வகுப்புப் பையன். கண் விரிந்தது, தண்ணீர் கோத்துக்கொண்டது. “நாக்குல ஒண்ணுமே இல்லீங்ணா, மூக்குக்குள்ள போய்ச் சுடுதுங்!” என்றான். மற்றவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

பழமொழியில் இருக்கும் காரத்தை அன்றைக்கு நேரில் சந்தித்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது கடுகுக்குள் போவோம். முழுக் கடுகை நீங்கள் நுணுகிப் பார்த்தாலும் அதில் தயார்நிலையில் காரம் கிடையாது. சினிக்ரின் என்று ஒரு பொருள் ஒரு பக்கம் இருக்கிறது. அது கொஞ்சம் கசக்கும், மற்றபடி சாது. மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களில் இருக்கிறது. இரண்டும் தனித்தனி அறையில் பூட்டிவைத்த இரண்டு சண்டைக்காரப் பையன்கள் மாதிரி. விதை உடைந்து, ஈரமும் பட்டால் சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன. நொதி சினிக்ரினை வெட்டுகிறது. அதிலிருந்து அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள் பிறக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அது மூக்கில் நுழைந்துவிடும்.

கடுகுச்செடி இவ்வளவு ஏற்பாடும் செய்துவைத்திருப்பது நமக்காக என்று நினைத்துவிடாதீர்கள். தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்காகத்தான். பூச்சி கடிக்கும்போதுதான் செல் உடையும், உடையும்போதுதான் காரம் பிறக்கும். கடிக்காத வரைக்கும் செடிக்கும் அதனால் தொந்தரவில்லை. முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் கடுகின் உறவுக்காரர்கள். பச்சை முள்ளங்கியைக் கடித்தால் வரும் சுறுசுறுப்பும் இதே குடும்ப வித்தைதான்.

நம் வீட்டில் என்ன செய்கிறோம்? முழுக் கடுகை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் போடுகிறோம். உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைப் பிளந்துகொண்டு தெறிக்கிறது. அதுதான் அந்தப் படபட சத்தம். ஆனால் தோல் பிளப்பதற்குள் எண்ணெயின் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. நொதிகள் புரதங்கள், சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு எப்படி உருமாறுகிறதோ அப்படி அவையும் உருக்குலைந்துவிடும். வெட்ட ஆள் இல்லாததால் சினிக்ரின் சினிக்ரினாகவே இருக்கிறது. காரம் பிறக்கவே இல்லை. பத்து வயதுவரை தினமும் கடுகு தின்றும் அதன் காரத்தை நீங்கள் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம், உங்கள் அம்மாவின் தாளிப்புக் கரண்டி.

வங்காளத்திலும் ஒடிசாவிலும் கடுகைத் தண்ணீர் தெளித்துப் பச்சையாக அரைத்து மீன் குழம்பில் சேர்ப்பார்கள். பீகார், ஜார்க்கண்ட் பக்கம் கடுகைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். விதை நசுங்கும்போது பிறக்கும் காரம் எண்ணெயிலேயே கரைந்து தங்கிவிடும். அவர்களும் பொரிக்கும்போது எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி நெடியைப் போக்கிவிடுவார்கள். சோக்கா, ஊறுகாய் மாதிரிச் சிலவற்றுக்குத்தான் பச்சை எண்ணெய். ஆந்திராக்காரர்களின் ஆவக்காய் ஊறுகாய் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கும் இந்த நெடி கொஞ்சம் பழக்கமாகியிருக்கும். அதில் கடுகைப் பொடியாகப் போடுகிறார்கள்.

நம்ப முடியாவிட்டால் செய்து பாருங்கள். இரண்டு டீஸ்பூன் கடுகை மிக்ஸியில் பொடியாக்கி, இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதியாகப் போடுங்கள். ஒன்றில் பானைத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுக் குழையுங்கள். இன்னொன்றில் கொதிக்கும் தண்ணீர். அதை அம்மாவோ அப்பாவோ ஊற்றட்டும். பத்து நிமிடம் மூடிவையுங்கள். பிறகு ஒரு குச்சி நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். குச்சி நுனி என்றால் குச்சி நுனிதான், ஸ்பூன் அல்ல. கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு முகர வேண்டாம், அந்தக் கையால் கண்ணைத் தொடவும் வேண்டாம். பானைத் தண்ணீர்க் கிண்ணம் உங்களைத் துள்ளவைக்கும். கொதிநீர்க் கிண்ணம் சும்மா கசக்கும்.

மிளகாய்க் காரம் நாக்கில் எரிகிறது. கடுகு ஏன் மூக்குக்குப் போகிறது? காரம் ஒரு சுவையே அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றை அறியும். ஐந்தாவதாக உமாமி என்று ஒன்று உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-இல் கடற்பாசிச் சாற்றில் கண்டு சொன்னது. கருவாட்டுக் குழம்பில் நாம் சப்புக்கொட்டுவதில் அதற்கும் பங்குண்டு. காரம் இந்த ஐந்தில் சேராது. அது சூடு, வலி இவற்றை மூளைக்குச் சொல்லும் நரம்புகளின் வேலை.

1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு, மிளகாயின் கேப்சைசின் நரம்பில் எந்த உணரியைத் தட்டுகிறது என்று கண்டுபிடித்தது. டி.ஆர்.பி.வி.1 என்று அதற்குப் பெயர். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் விழித்துக்கொள்ளும் உணரி அது. அதனால்தான் பச்சைமிளகாய் ஜில்லென்று இருந்தாலும் வாய் ‘சுடுகிறது’ என்று கூச்சல் போடுகிறது. இதற்காக 2021-இல் அவருக்கு, ஆர்டெம் பட்டபூட்டியன் என்பவரோடு சேர்த்து, மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கடுகுக் காரம் தட்டுவது டி.ஆர்.பி.ஏ.1 என்ற வேறொரு உணரியை.

கேப்சைசின் எளிதில் ஆவியாகாது, எண்ணெயில் ஒட்டி நாக்கிலேயே உட்கார்ந்துவிடும். தண்ணீர் குடித்தாலும் அசையாது, தயிர் சாப்பிட்டால்தான் கழன்று போகும். மிளகாய் வறுத்தால் வீடே தும்முகிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது வாணலிச் சூட்டில் புகையோடு புகையாக ஏறி வருவது. கடுகுப் பொருளோ வாயின் சூட்டிலேயே ஆவியாகும். தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது அல்லவா, அதில் ஏறி மூக்கின் உட்பக்கத்து நரம்புகளைச் சீண்டும். சில நொடிகளில் பறந்தும் போய்விடும். நம் கிறிஸ்துமஸ் தாத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது வாய்க்குக் கை நீட்டுவதற்குள் எரிச்சல் போயிருந்தது.

சரி, மற்றவர்கள் ஏன் பின்வாங்கினார்கள்? அவர்கள் வாயில் இன்னும் எதுவும் படவில்லையே?

மனிதன் எதையும் தின்னும் பிராணி. மாட்டுக்குப் புல், பூனைக்கு எலி என்று நமக்குப் பட்டியல் கிடையாது. கிழங்கு, காய், கீரை, மீன், முட்டை, காளான் எல்லாம் தின்போம். அதில் விஷமும் இருக்கலாம். அதனால் தெரியாத உணவைக் கண்டால் தயங்குவது நம் உடம்போடு வந்த குணம். எடுத்ததையெல்லாம் வாயில் வைக்கும் கைக்குழந்தைக்கு இது அதிகம் இல்லை. நடக்கப் பழகி, தானாகத் தோட்டத்துக்குள் போகக்கூடிய இரண்டு வயதுக்கு மேல்தான் இந்தப் பிடிவாதம் முற்றுகிறது. அந்த வயதில் அது நல்ல காவல்.

கணக்கைப் பாருங்கள். இனிப்பை அறிய நாக்கில் ஒரே வகை உணரி. கசப்பை அறியச் சுமார் 25 வகை. செடிகளின் விஷங்களில் பல கசக்கும் என்பதால் அந்தப் பக்கம் காவல் இத்தனை பலம். மரவள்ளியிலும் மூங்கில் குருத்திலும் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு. நம் ஊரில் மரவள்ளியைத் தோலுரித்து நன்றாக வேகவைக்கிறோம். வடகிழக்கில் மூங்கில் குருத்தை நறுக்கி வேகவைத்தோ புளிக்கவைத்தோ சாப்பிடுகிறார்கள். இனிப்புக்கு அப்படிச் சந்தேகமே கிடையாது. பிறந்த குழந்தையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் பட்டாலே முகம் மலரும். அர்சா ஏன் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது, சோக்கா ஏன் தட்டிலேயே இருந்தது என்பதில் பாதி விஷயம் இதுதான்.

மீதிப் பாதி மூக்கு. ஒரு ஆரஞ்சு மிட்டாயை மூக்கைப் பொத்திக்கொண்டு சப்புங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், ஆரஞ்சு தெரியாது. விரலை எடுங்கள், ஆரஞ்சு வந்துவிடும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. எந்த வாசனை நல்லது, எது கெட்டது என்பதையோ பெரும்பாலும் வீட்டில்தான் கற்றுக்கொள்கிறோம். பீகார்க்காரர்கள் வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கலக்கி, எலுமிச்சை பிழிந்து, கறுப்பு உப்பு போட்டுக் குடிப்பார்கள். அந்த உப்பில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் அவித்த முட்டை வாடை அடிக்கும். முகத்தைச் சுளிக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திறந்து, முதல் தடவை முகர்கிறவர் மாதிரி முகருங்கள். அதுவும் கந்தகச் சேர்மங்களின் வாடைதான். ஐரோப்பியர் அதற்குப் பிசாசின் சாணம் என்று பெயர் வைத்தார்கள். நமக்கோ அது இல்லாமல் ரசம் இறங்காது.

பெயர் மட்டுமே மூக்கை ஏமாற்றும். ஆக்ஸ்ஃபோர்டில் 2005-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வாசனையை ஒரு தடவை ‘பாலாடைக்கட்டி’ என்று எழுதிக் காட்டி முகரச் சொன்னார்கள், இன்னொரு தடவை ‘உடம்பு நாற்றம்’ என்று எழுதிக் காட்டி. பாலாடைக்கட்டி என்று படித்தபோது அதே வாசனை பிடித்திருந்தது.

இன்னொன்றைச் சொன்னால் அலறுவீர்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறு எறும்பை மிளகாய், பூண்டு, இஞ்சி, உப்போடு அரைத்துத் துவையல் செய்கிறார்கள். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டி, ஏறினவரைப் பதம் பார்க்குமே, அதே சிவப்பு எறும்பு. அதன் கடியில் எரிகிற ஃபார்மிக் அமிலம் துவையலில் புளிப்பாகிவிடுகிறது, புளியே வேண்டாம். 2024 ஜனவரியில் அந்தத் துவையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கியிருக்கும் அதே வகைச் சான்று கிடைக்குமா என்று பல பலகாரங்கள் வரிசையில் நிற்கும்போது, எறும்பு முந்திக்கொண்டது! அதே ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஆம் தேதியைப் பகாளா நாள் என்று கொண்டாடுகிறார்கள். பகாளா என்பது வேறொன்றுமில்லை, ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துப் புளித்த சோறு. லாக்டிக் அமிலம் தயாரிக்கும் அதே நுண்ணுயிரிகள்தான் உங்கள் ஆத்தா வீட்டுப் பழைய சோற்றுப் பானையிலும் வேலை பார்க்கின்றன.

தயங்குவது தப்பில்லை என்றேன். எப்படித் தயங்குவது என்று ஒரு முறை இருக்கிறது. புது உணவை ஒரு வாய் மட்டும் எடுங்கள். அடுப்பிலிருந்து இறங்கிய சூடோடு இருப்பது பாதுகாப்பானது, கிருமிகளுக்குப் பிடித்தது வெதுவெதுப்பு. நிலக்கடலை, மீன், இறால், கடுகு இவற்றில் எதுவும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உதடு தடித்தாலோ தொண்டை அரித்தாலோ உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வரப்போகிற மாதிரி இருக்கிற நாளில் புது உணவு வேண்டவே வேண்டாம். 1955-இல் ஜான் கார்சியா என்பவர் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சால் உடம்பு சரியில்லாமல் ஆக்கினார். அதன் பிறகு அவை அந்த இனிப்பையே ஒதுக்கின. நோய்க்குக் காரணம் தண்ணீர் அல்ல, ஆனால் உடம்பு அதன்மேல் பழி போட்டுவிட்டது. நமக்கும் அப்படித்தான். வாந்தி எடுத்த அன்று சாப்பிட்ட பாவத்துக்கு ஒரு நல்ல பூரியை வருஷக்கணக்கில் வெறுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வாய் பிடிக்கவில்லையென்றால்? இன்னொரு நாள் இன்னொரு வாய். பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளில், ஒதுக்கிய காயைத் திரும்பத் திரும்பக் கொஞ்சமாகக் கொடுத்தால் மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. சிலருக்குப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகிறது. வற்புறுத்தித் திணித்தால் மட்டும் காரியம் கெட்டுவிடும்; இதை அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

இப்படிப் பழகிக்கொள்வது பெரியவர்களாலும் முடியும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மாமிசத்தை விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு வேளை சோறு, காய்கறி, பால் என்று பழகிக்கொண்டார். நாம் ‘நம்முடையது’ என்று மார்தட்டும் மிளகாயும் அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்திருந்தது. அதுவரை நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. யாரோ ஒரு பாட்டி முதல் மிளகாயைக் கடித்துக் கண்ணைத் துடைத்திருப்பாள்.

திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் இப்போது ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். காலையில் உப்புமா, மதியம் சாம்பார் சாதம் பள்ளியில். ராத்திரி வீட்டில் கடுகெண்ணெய். இப்படிப் பழகுவது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடலாம். 2001-இல் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா செய்த ஆய்வில், கர்ப்பமாக இருந்தபோதோ பால் கொடுத்தபோதோ கேரட் சாறு குடித்துவந்த அம்மாக்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகள் அளவுக்கு முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. தாயின் சாப்பாட்டு மணம் வயிற்றிலேயே பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. ஆக, லைன் வீட்டில் பிறக்கும் ஒரு பாப்பாவுக்குக் கடுகின் வாசமும் பெருங்காயத்தின் வாசமும் ஒன்றாகவே அறிமுகமாகியிருக்கும். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: நம் சாப்பாட்டில் அவன் அம்மா முதன்முதலில் முகம் சுளித்தது எதைப் பார்த்து? பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். புளிக்குழம்பா, கருவாடா என்று எங்கள் அலுவலகத்தில் இப்போதே பந்தயம் ஓடுகிறது.